எல்லாற்ர போன் நம்பரும் 2147483647 ஆன கதை: அடிக்கடி கேட்ட கேள்வியள்

முதல்ல முன்கதை. யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம் ஒரு ரியூசன் சென்ரருக்கு, பிள்ளை வகுப்புக்கு வந்தா வராட்டி தாய் தகப்பனுக்கு எஸ்எம்எஸ் போற மாதிரி ஒரு சின்ன சிஸ்டம் செய்து குடுத்தனான். ஃபோமில எல்லாரும் நம்பரை 94இல தொடங்கி எழுதித் தந்தவை, நானும் ரெண்டு இரவு நித்திரை முழிச்சு இருந்து ஏத்திப்போட்டு, அடுத்த நாள் காலமை திறந்து பாத்தா எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே நம்பர். 2147483647. அக்கா தங்கச்சிக்கு ஒரே நம்பர் எண்டா சரி, முழு வகுப்புக்குமோ? சென்ரர்க்காரர் என்னைப் பாத்த பார்வையைப் பற்றி எழுதேல்லை. ஆனா அதுக்குப் பிறகு சேர்மார், பிள்ளையள், வீட்டுக்காரர் எண்டு ஆளாளுக்கு அந்த நம்பரைப் பற்றிக் கேள்வி கேக்கத் தொடங்கிட்டினம். ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்ல ஏலாது, அதாலதான் இது.

உது ஆற்ர நம்பர் தம்பி? எடுத்துப் பாத்தனீங்களோ?

ஓம், எடுத்துப் பாத்தனான், போகேல்லை. இலங்கையில உது ஒருத்தற்ர நம்பரும் இல்லை. அமெரிக்காவில எண்டா 214 டல்லாஸ் பக்கத்துக் கோட், அதால அங்கத்தையச் சனத்துக்கு இது பாக்க நல்ல உண்மையான போன் நம்பர் மாதிரியே இருக்கும். என்னை மாதிரி விசர் வேலை பாத்தவை உலகம் முழுக்க இருக்கினம், அவையின்ர டேட்டாபேஸிலயும் இதே நம்பர்தான் வரிசையா நிக்கும்.

இதை எப்பிடி வாசிக்கிறது?

இருநூற்றுப் பதினாலு கோடியே எழுபத்துநாலு லட்சத்து எண்பத்துமூவாயிரத்து அறுநூற்று நாப்பத்தேழு. மில்லியன் கணக்கில பழகின ஆக்கள் 2147 மில்லியனும் சொச்சமும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட 5000 ரூபாத் தாளா அடுக்கினா 429496 தாள் வைச்சு, மிச்சம் 3647 ரூபா சில்லறையாக் குடுக்கோணும்.

சரி, ஏன் சரியா அந்த எண்? 2000000000 எண்டு வடிவா ஒரு இடத்தில நிண்டிருக்கலாமே?

எங்களுக்குத்தான் 2000000000 வடிவு. கொம்பியூட்டருக்கு 0உம் 1உம் மட்டும்தான் தெரியும். எங்களிட்டை ஒரு பெட்டியில 0இல இருந்து 9 வரைக்கும் எழுதலாம், அது நிரம்பினா பக்கத்துப் பெட்டிக்கு ஒண்டு போகும். அதுக்குப் பெட்டிக்கு ரெண்டே ரெண்டு தெரிவு. சாதாரணமா ஒரு முழு எண்ணை எழுத 32 பெட்டி ஒதுக்குவினம், அதில ஒரு பெட்டி சக அடையாளமோ சய அடையாளமோ எண்டு காட்டப் போயிடும், மிச்சம் 31. அந்த 31 பெட்டியிலயும் 1 போட்டு நிரப்பினா வாற எண்தான் 2147483647. எங்கட முறையில சொன்னா 9999999999 மாதிரி, இடமே இல்லாமல் முட்டி நிக்கிற எண்.

பிள்ளையளுக்கு நான் இப்பிடிச் சொல்லுறனான். தை மாசம் முதலாம் திகதி உண்டியலுக்குள்ள 1 சதம் போடுங்கோ. ரெண்டாம் திகதி 2 சதம், மூண்டாம் திகதி 4 சதம், ஒவ்வொரு நாளும் முதல் நாளையான் மாதிரி ரெண்டு மடங்கு. பத்து நாள் போனாப் பிறகு உண்டியலில 10 ரூபா 23 சதம் இருக்கும், ஆரும் கணக்கெடுக்க மாட்டினம். 20 நாளில 10485 ரூபா 75 சதம், பரவாயில்லை எண்டு அம்மா திரும்பிப் பாப்பா. 31ஆம் திகதி இரவு உண்டியலை உடைச்சா 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 சதம். அதைச் சதமாக்கிப் பாருங்கோ: 2147483647. சரியா எங்கட நம்பர், ஒரு சதம் கூடாது குறையாது. இதில இன்னொரு வடிவு என்னண்டா, 32ஆவது நாள் எண்டு ஒண்டு இருந்திருந்தா அண்டைக்குப் போட வேண்டியது 2147483648 சதம், அதாவது அதுவரைக்கும் சேர்ந்த முழுக்காசிலயும் ஒரே ஒரு சதம் கூட. எப்பவும் அப்பிடித்தான்: 1+2+4 = 7, அடுத்தது 8. அதாலதான் இந்த எண்ணை 2இன்ர 31ஆம் வலுவில இருந்து 1 கழிச்சது எண்டு எழுதிறது, சுருக்கமா 2³¹ − 1.

(இப்பிடி ஒரு சீட்டுப் பிடிக்கலாமோ எண்டு ஒரு அண்ணை கேட்டவர். பிடிக்கலாம், 25ஆம் திகதிக்குப் பிறகு ஆள் ஊரில இருக்க மாட்டார்.)

அப்ப 94 போடாமல் 077 எண்டு போட்டிருந்தா வேலை செய்திருக்குமோ?

செய்த மாதிரித் தெரிஞ்சிருக்கும், ஆனா அதுவும் பிழைதான். முன்னுக்கு நிக்கிற 0வை எண்ணாப் பாத்தா பெறுமதி இல்லை, அது விழுந்திடும், மிச்சம் ஒம்பது இலக்கம், அது 214 கோடிக்குள்ள அடங்கும். 94 போட்டா மொத்தம் 11 இலக்கம், 9400 கோடிக்கு மேல, பெட்டிக்குள்ள போகவே போகாது. நான் பாவிச்ச மைஎஸ்கியூஎல் எண்ட டேட்டாபேஸ் பழசு, கண்டிப்பு மோடும் நிப்பாட்டி இருந்தது, அது பிழை எண்டு கத்தாமல் பேசாமல் தன்னால ஏலுமான ஆகப்பெரிய எண்ணை எழுதிப்போட்டு இருந்திட்டுது. அடையாள அட்டை நம்பருக்கும் இதே கதை: பழசு 9 இலக்கமும் ஒரு எழுத்தும், அந்த 9 இலக்கமும் அடங்கும், 2016இல இருந்து குடுக்கிற 12 இலக்கம் அடங்காது.

போன் நம்பர் எண்டு நாங்கள் சொன்னாலும் அது எண் இல்லை. ரெண்டு பேற்ர போன் நம்பரைக் கூட்டிப் பாக்கிறனீங்களோ? இல்லைத்தானே. கூட்டாத கழிக்காத எதையும் எழுத்தா வைக்கோணும்.

கேம் விளையாடேக்க கொயின்ஸ் கூடிக் கூடிப் போய்த் திடீரெண்டு மைனஸ் ஆயிட்டுது, அதுவும் இதோ?

அதே எண்தான், ஆனா முட்டினாப் பிறகு நடக்கிறது வேற. என்ர டேட்டாபேஸ் முட்டின இடத்தில நிண்டது. கன புரோகிராம்கள் நிக்காது, 2147483647ஓட ஒண்டைக் கூட்டினா 31 பெட்டியும் 0 ஆகி அந்த அடையாளப் பெட்டிக்குள்ள 1 ஏறி, −2147483648 எண்டு வந்து நிக்கும். பழைய மோட்டச்சைக்கிள் மீற்றர் 99999இல இருந்து 00000க்கு உருளுறது மாதிரித்தான், வித்தியாசம் என்னண்டா இது பூச்சியத்துக்குப் போகாமல் ஆகக் கீழ் அடிக்குப் போயிடும். பணக்காரனா நித்திரைக்குப் போய்க் கடன்காரனா எழும்பிறது.

யூடியூப்பிலயும் 2014 மார்கழியில ஒரு கொரியன் பாட்டின்ர பார்வைக் கணக்கு இந்த எல்லையைத் தொட்டு, அவை கவுன்டரை 64 பெட்டிக்கு மாத்தினவை. இப்ப அதின்ர எல்லை 9223372036854775807. இனி அதை ஒரு பாட்டும் எட்டாது எண்டு நினைக்கிறன்.

கொம்பியூட்டர் கதையை விடுங்கோ. கணக்கா இந்த எண்ணில என்ன விசேசம் இருக்கு?

இதைக் கேட்டது ஒரு மத்ஸ் சேர், ரிட்டயர் ஆனவர். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதிறன் எண்டு சொன்னாலும் பிழையில்லை. இது ஒரு முதன்மை எண். இந்தியாப் புத்தகங்களில பகா எண் எண்டு இருக்கும், அதேதான். 1ஆலயும் தன்னாலயும் தவிர வேற ஒண்டாலயும் மீதியில்லாமல் பிரிபடாது. 214 கோடி, ஒருத்தருக்கும் பிரிச்சுக் குடுக்க ஏலாது.

2இன்ர வலுவில 1 கழிச்சு வாற முதன்மை எண்ணுகளுக்கு மெர்சென் முதன்மை எண் எண்டு பேர். மெர்சென் எண்டவர் பிரான்ஸ் தேசத்துத் துறவி, 1644இல எந்தெந்த வலுவுக்கு இது சரிவரும் எண்டு ஒரு பட்டியல் போட்டவர்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அதில 67உம் 257உம் பிழை, 61, 89, 107 மூண்டையும் விட்டிட்டார். ஆனா 31 சரி. வலு முதன்மை எண்ணா இருந்தா விடையும் முதன்மையா வரும் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ, 11 முதன்மை, ஆனா 2¹¹ − 1 = 2047 = 23 × 89. மெர்சென் பட்டியல் போட்டவரே தவிர 31ஐ நிறுவினவர் இல்லை. நிறுவ நூறு வருசத்துக்கு மேல எடுத்தது.

அதை ஆர் நிறுவினது? கல்குலேட்டரும் இல்லாத காலத்தில எப்பிடி?

ஒய்லர் எண்ட சுவிஸ் கணித மேதை. 1772இல பேர்னூலி எண்ட இன்னொரு கணிதக்காரருக்கு எழுதின கடிதத்தில சொல்லுறார். அப்ப அவருக்கு 65 வயசு, சென் பீற்றர்ஸ்பேர்க்கில இருக்கிறார், கண் பார்வை கிட்டத்தட்ட முழுக்கப் போயிட்டுது.

இனி வேலையின்ர அளவைப் பாருங்கோ. ஒரு எண்ணுக்குக் காரணி இருக்கோ எண்டு பாக்க அதின்ர வர்க்கமூலம் வரைக்கும் போனாக் காணும். 46340இன்ர வர்க்கம் 2147395600, 46341இன்ர வர்க்கம் 2147488281, எங்கட எண் ரெண்டுக்கும் நடுவில. அப்ப 46340 வரைக்கும் இருக்கிற முதன்மை எண் ஒவ்வொண்டாலயும் பிரிச்சுப் பாக்கோணும், அது நாலாயிரத்துக்கு மேல இருக்கு. நாலாயிரம் நீட்டல் பிரித்தல், கண் தெரியாத மனிசன்.

அவர் அதைச் செய்யேல்லை. எந்த மாதிரி எண்ணுகள் இதுக்குக் காரணியா வரவே ஏலாது எண்டு முதல்ல யோசிச்சு அவ்வளவையும் வெளியில விட்டார். அதை ஒருக்கா ஆறுதலாப் பாப்பம், ஓஎல் கணக்குத் தெரிஞ்சாப் போதும். ஒரு முதன்மை எண் எங்கட எண்ணைப் பிரிக்குது எண்டு வைப்பம், அதுக்குப் "கள்ளன்" எண்டு பேர் வைப்பம். 1இல தொடங்கி ரெண்டாலை பெருக்கிப் பெருக்கி, ஒவ்வொருக்காவும் கள்ளனால பிரிச்சு மீதியை மட்டும் வைச்சுக்கொண்டு போங்கோ. 31 தரம் பெருக்கினாப் பிறகு 2³¹ வரும், கள்ளன் 2³¹ − 1ஐப் பிரிக்கிறபடியால் மீதி திரும்ப 1. அதாவது 31 அடியில ஒரு வட்டம் முடியுது. அதுக்கு முதலே முடிஞ்சிருக்கலாமோ? முடிஞ்சிருந்தா அந்தச் சின்ன வட்டம் 31ஐப் பிரிக்கோணும், 31ஓ முதன்மை எண், சின்ன வட்டம் எண்டா 1 அடிதான், 2ஐப் பிரிச்சு மீதி 1 வாற முதன்மை எண் ஒண்டும் இல்லை. அப்ப வட்டம் சரியா 31 அடி. இனி பேர்மா எண்டவர் முதலே காட்டினது: கள்ளனில ஒண்டு குறைச்சு அத்தினை தரம் பெருக்கினாலும் மீதி கட்டாயம் 1க்குத் திரும்பும். அப்ப கள்ளன் − 1 எண்டது 31இன்ர மடங்கு. கள்ளன் ஒற்றை எண், அதால கள்ளன் − 1 இரட்டை எண். ரெண்டையும் சேர்த்தா 62இன்ர மடங்கு. ஆக கள்ளன் 63, 125, 187, 249, 311 எண்டு 62 62ஆப் போற வரிசையில மட்டும்தான் நிக்கலாம். 3, 7, 13, 101 எல்லாம் பிரிச்சுப் பாக்காமலே வெளியில.

இன்னும் ஒரு வடி இருக்கு. 65536ஐ வர்க்கிச்சா 2³², அதைக் கள்ளனால பிரிச்சா மீதி 2. ஒரு வர்க்க எண்ணுக்கு மீதி 2 வரோணும் எண்டா அந்த முதன்மை எண்ணை 8ஆல பிரிக்கேக்க மீதி 1 அல்லது 7 வரோணும், இது ஒரு தெரிஞ்ச விதி, நிறுவல் கொஞ்சம் நீளம், இங்கை விடுறன். அதையும் சேர்த்தா 62 வரிசையில பாதி போயிடும். மிச்சம் 248ஆல பிரிச்சா மீதி 1 அல்லது 63 வாற எண்ணுகள் மட்டும். 46340 வரைக்கும் அப்பிடி 373 எண்தான் இருக்கு, அதிலயும் 63, 249, 497 மாதிரிக் கனக்க முதன்மை இல்லை (249 = 3 × 83, 497 = 7 × 71), அவையும் வேண்டாம். முதல் உண்மையான சந்தேக ஆள் 311. பிரிச்சுப் பாருங்கோ, 6905092 தரம் போய் மீதி 35. அடுத்தது 1303, பிறகு 1489. இப்பிடியே கடைசி வரைக்கும் போய் ஒண்டும் சரிவரேல்லை, கள்ளனே இல்லை எண்டு முடிவு.

நாலாயிரத்தை நூறுக்கும் உள்ள கொண்டு வந்தது கணக்கு இல்லை, கணக்குப் பாக்க முதல் இருந்து யோசிச்சது. சேருக்கு இதைச் சொல்ல அவர் ஒண்டும் சொல்லேல்லை, பேப்பரை வாங்கி 311ஆல தானே ஒருக்காப் பிரிச்சுப் பாத்தார்.

நானே கையால நிறுவலாமோ? லேசான வழி ஒண்டும் இல்லையோ?

இருக்கு, ஒய்லருக்குப் பிறகு வந்தது. லூக்கா எண்டவர் தொடக்கினது, லேமர் எண்டவர் திருத்தினது. 4இல தொடங்குங்கோ. வர்க்கிச்சு 2 கழியுங்கோ, சோதிக்கிற எண்ணால பிரிச்சு மீதியை எடுங்கோ, திரும்பவும் அதையே செய்யுங்கோ. வலுவில ரெண்டு குறைச்ச அளவு தரம் செய்தாப் பிறகு மீதி 0 வந்தா முதன்மை, வராட்டி இல்லை. அவ்வளவுதான்.

சின்னனா 31ஐ எடுப்பம், 2⁵ − 1, வலு 5, அப்ப மூண்டு தரம். 4 → 16 − 2 = 14. 14 → 196 − 2 = 194, 31ஆல பிரிச்சா மீதி 8. 8 → 64 − 2 = 62, மீதி 0. முடிஞ்சுது, 31 முதன்மை. எங்கட பெரிய எண்ணுக்கு இதை 29 தரம் செய்யோணும். 4, 14, 194, 37634, 1416317954 வரைக்கும் லேசு, அதுக்குப் பிறகு ஒவ்வொண்டும் பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால பெருக்கிறது, ஒரு கோப்பியும் ஒரு சனிக்கிழமையும் காணும். நான் செய்து பாத்தனான், 17ஆவதில பிழை விட்டு நிப்பாட்டிட்டன், பிறகு கொம்பியூட்டரிட்டைக் குடுத்தன், அது கண் மூடித் திறக்க முதல் 0 எண்டு சொல்லிப்போட்டுது.

கொம்பியூட்டர் எல்லை எண்டபடியாலதான் முதன்மையா வந்ததோ?

இல்லை, ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனா வந்து பொருந்தின விதம் இருக்கே, அதுதான் எனக்கு ஆகப் பிடிச்சது. பெட்டி எண்ணிக்கையை 8, 16, 32, 64, 128 எண்டு இரட்டிச்சுக்கொண்டு போறவை, அடையாளத்துக்கு ஒண்டு போக மிச்சம் 7, 15, 31, 63, 127. அதுகளின்ர ஆகப்பெரிய எண்ணுகளைப் பாருங்கோ. 7 பெட்டிக்கு 127, முதன்மை. 15க்கு 32767, அது 7 × 31 × 151, முதன்மை இல்லை. 31க்கு எங்கட ஆள், முதன்மை. 63க்கு யூடியூப் எண், அது 7ஆல ரெண்டு தரம் பிரிபடும், இல்லை. 127க்கு 2¹²⁷ − 1, 39 இலக்கம், திரும்பவும் முதன்மை, 1876இல லூக்கா கையால காட்டினது. ஓம், இல்லை, ஓம், இல்லை, ஓம். அடுத்த 255 முதன்மை எண் இல்லை, அதால அது இல்லை. பிறகு 511உம் 7 × 73, அதுவும் இல்லை, அதோட தாளம் உடைஞ்சு போச்சுது.

அடையாளப் பெட்டியையும் எண்ணுக்கே குடுத்து 32 பெட்டியையும் நிரப்பினா 4294967295 வரும். அது முதன்மைக்கு முழு எதிர், 3 × 5 × 17 × 257 × 65537 எண்டு துண்டு துண்டா உடையும். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒண்டு கருங்கல்லு, மற்றது பொரிவிளாங்காய்.

நிறைவெண்ணுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்காமே?

இருக்கு. தன்ர காரணியளைக் கூட்டினா (தன்னை விட்டிட்டு) தானே வாற எண் நிறைவெண்: 6 = 1+2+3, 28 = 1+2+4+7+14. மெர்சென் முதன்மை ஒண்டு கிடைச்சா நிறைவெண் ஒண்டு சும்மா கிடைக்கும், யூக்கிளிட் காலத்திலயே தெரியும். எங்கட எண்ணை 2³⁰ஆல பெருக்கினா 2305843008139952128, எட்டாவது நிறைவெண். 1811இல பீற்றர் பார்லோ எண்டவர், இதுக்கு மேல நிறைவெண் ஒண்டும் ஒருத்தரும் கண்டுபிடிக்கப் போறதில்லை, இதால பிரயோசனம் இல்லாதபடியால் ஆரும் தேடவும் மாட்டினம் எண்ட கருத்தில எழுதி வைச்சார். பாவம் மனிசன். பிரயோசனம் இல்லாத வேலைக்குத்தான் ஆக்கள் கூட வருவினம் எண்டு அவருக்குத் தெரியேல்லை. 2024 ஐப்பசியில அறிவிச்ச மெர்சென் முதன்மைக்கு வலு 136279841, இலக்கம் மட்டும் 4 கோடிக்கு மேல.

பக்கத்தில இருக்கிற எண்ணுகள்?

கெதியாச் சொல்லுறன். ஒண்டு கூட்டினா 2³¹, 2ஐத் தவிர வேற ஒண்டும் இல்லை. ஒண்டு குறைச்சா 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. அதுக்குள்ள 31 இருக்கிறதைப் பாத்தனீங்களோ, தற்செயல் இல்லை, முன்னுக்குச் சொன்ன பேர்மாவின்ர விதிதான். இதால இன்னொரு லாபம்: 3, 7, 9, 11, 31 எதால பிரிச்சாலும் எங்கட எண்ணுக்கு மீதி 1. முன்னுக்கு இருக்கிற முதன்மை 2147483629, பின்னுக்கு 2147483659. இலக்கங்களைக் கூட்டினா 46. எண்சோதிடக்காரர் 4+6 = 10, 1+0 = 1, சூரியன் எண்டுவினம், அது அவையின்ர பாடு.

5 → 31 → 2147483647 எண்டு போகுதே, அடுத்ததும் முதன்மையோ?

தரம் 11 தங்கச்சி ஒராள் கேட்ட கேள்வி, எனக்கே தோணேல்லை. 2⁵ − 1 = 31, 2³¹ − 1 எங்கட எண். அப்ப 2ஐ 2147483647 தரம் பெருக்கி 1 கழிச்சா? அதின்ர இலக்கங்கள் மட்டும் 64 கோடிக்கு மேல, எழுத ஏலாது, ஆனா அது முதன்மை இல்லை எண்டு தெரியும், 295257526626031 அதைப் பிரிக்கும். அதுவும் அதே விதிப்படிதான்: அதில ஒண்டைக் கழிச்சு 2147483647இன்ர ரெண்டு மடங்கால பிரிச்சுப் பாருங்கோ, சரியா 68745 தரம் போகும். பக்கத்துச் சங்கிலி, 2 → 3 → 7 → 127 → 2¹²⁷ − 1, இது ஐஞ்சும் முதன்மை, ஆறாவதைப் பற்றி இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.

முதன்மை எண்டதால நடைமுறையில ஏதும் பிரயோசனம் உண்டோ?

உண்டு. எழுந்தமான எண் வேணும் எண்டா (கேமில தாயக்கட்டை உருட்டிற மாதிரி) ஒரு பழைய வழி: ஒரு எண்ணை 16807ஆல பெருக்கு, 2147483647ஆல பிரிச்சு மீதியை எடு, திரும்பச் செய். 1இல தொடங்கினா 16807, 282475249, 1622650073, 984943658 எண்டு எங்கையோ எல்லாம் துள்ளும். 16807 எண்டது 7⁵. முதன்மை எண்டபடியாலதான், 1இல இருந்து 2147483646 வரைக்கும் இருக்கிற அவ்வளவு எண்ணையும் ஒரு தரம் ஒரு தரமாத் தொட்டுப்போட்டுத்தான் தொடங்கின இடத்துக்கு வரும். 1988இல பார்க், மில்லர் எண்ட ரெண்டு பேர் குறைஞ்சபட்சம் இதையாவது பாவியுங்கோ எண்டு எழுதினவை. ரகசிய வேலைக்கு மட்டும் பாவிக்காதேங்கோ, ஒரு எண் தெரிஞ்சாலே அடுத்தது முழுக்கத் தெரிஞ்சிடும்.

2038இல உலகம் முடியுமாமே?

முடியாது. கன கொம்பியூட்டர் நேரத்தை 1970 தை 1இல இருந்து எத்தினை செக்கன் போச்சுது எண்டு எண்ணி வைக்குது. அதை 31 பெட்டியில வைச்சா 68 வருசத்தில முட்டும். எங்கட நேரத்துக்கு 2038 தை 19, செவ்வாய்க்கிழமை காலமை 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். பொங்கல் முடிஞ்சு நாலைஞ்சு நாள், பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நேரம். அடுத்த செக்கன் மாத்தாமல் கிடக்கிற பழைய மெசினுகள் கிறீன்விச் நேரத்துக்கு 1901 மார்கழி 13 எண்டு நினைக்கும். போன், லப்டொப் எல்லாம் இப்ப பெரும்பாலும் 64 பெட்டிக்கு மாறிட்டுது, மூலைக்குள்ள கிடக்கிற பழைய மெசினுகள்தான் பயம். 15 வருசக் கடன் கணக்குப் பாக்கிற இடங்களுக்கு இந்தத் திகதி இப்பவே வந்திட்டுது.

ஏஎல் சோதினைக்கு வருமோ?

வராது. போய்ப் படியுங்கோ.

கடைசியா அந்த நம்பருகளை எப்பிடி மீட்டனீங்கள்?

மீக்கேல்லை. எல்லை முட்டினாப் பிறகு உள்ள எழுதினது 2147483647தான், உண்மையான நம்பர் எங்கையும் இல்லை, ஃபோமுகளையும் ஏத்தி முடிஞ்சுது எண்டு சென்ரரில எறிஞ்சிட்டினம். அந்த இடத்தை எழுத்துக்கு மாத்திப்போட்டுத் திரும்பப் புது ஃபோம் அடிச்சு எல்லாப் பிள்ளையளிட்டையும் குடுத்து, ஒரு கிழமையா ஒவ்வொண்டா வந்தது. தரம் 9இல ஒரு பெடியன், தாயின்ர நம்பர் எண்ட இடத்தில முத்து முத்தா எழுதிக் கொண்டந்திருந்தான்: 2147483647. சிஸ்டமும் ஒண்டும் சொல்லாமல் வாங்கி வைச்சிருக்கு, எழுத்துத்தானே.